ஆயிரத்துக்கு நாற்பத்தைந்து

சலவை இயந்திரம் பாதியில் நின்றுபோனால் அதன் முகப்பில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் கண் சிமிட்டும். அதற்கு என்ன பொருள் என்று வீட்டுக்காரர்களுக்குத் தெரியாது. கூட வந்த கையேட்டை வாங்கிய அன்றே எங்கேயோ வைத்துவிட்டிருப்பார்கள். ஈரத்துணி உள்ளே, கதவோ பூட்டியபடி, வேலைக்குக் கிளம்ப நேரமும் ஆகிவிட்டது என்ற நிலையில் அந்த எழுத்தையும் எண்ணையும் கைபேசியில் தட்டித் தேடுவார்கள். அப்படித் தேடுகிறவர்கள் வந்து சேரும் இடங்களில் ஒன்று மெக்கானிக்கின் இணையதளம்.

அவர் எந்த இயந்திரத்தையும் கையால் தொட்டு நான்கு வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் தெருவில் அவருக்கு மெக்கானிக் என்றுதான் பெயர். மூன்றாவது மாடிக்கு ஓர் இயந்திரத்தை முதுகில் சுமந்துகொண்டு ஏறியபோது இடுப்புக்கு மேலே ஏதோ சடக்கென்றது. அத்தோடு சரி. பத்துக் கிலோவுக்கு மேல் தூக்கினால் நடக்கிற நடையும் போய்விடும் என்று டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். தூக்காமல் செய்கிற பழுதுவேலை என்று ஒன்று அந்தத் தொழிலில் கிடையாது.

வருமானம் நின்ற மூன்றாம் மாதம் அவர் மனைவி வேலை தேடிக்கொண்டாள். பதினொரு மணி நேர ரயில் பயணத்துக்கு அப்பால், நெடுஞ்சாலை ஓரத்து வயல்வெளியில் ஒரு பால் குளிரூட்டும் நிலையம். கேன் கேனாக வந்து இறங்கும் பாலில் மாதிரி எடுத்து அதன் கொழுப்பு எவ்வளவு என்று பார்த்து எழுதுவது அவள் வேலை. அங்கே அவளை லேப் அக்கா என்பார்கள். வளாகத்துக்குள்ளேயே பெண்கள் விடுதியில் ஒரு கட்டில் கொடுத்திருந்தார்கள். வருடத்துக்கு இரண்டு முறை, முறைக்கு நான்கு நாள் வீட்டுக்கு வருவாள். மற்ற நாள்களில் காலைப் பாலுக்கும் மாலைப் பாலுக்கும் நடுவே, சரியாக நான்கு மணிக்கு, தொலைபேசியில் கூப்பிடுவாள்.

இணையதளத்தைத் தொடங்கிக் கொடுத்தவன் அவள் தம்பி. விடுமுறைக்கு வந்திருந்தவன் மாமா சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகியாமல், உங்கள் தலைக்குள் இருப்பதை எழுதுங்கள், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். விளம்பர நிறுவனம் ஒன்றோடு இணைத்துவிட்டு, எந்தப் பொத்தானை அழுத்தினால் அறிக்கை வரும் என்பதைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அவர் என்ன சந்தேகம் கேட்டு அனுப்பினாலும் அவனிடமிருந்து கட்டைவிரல் படம் ஒன்றுதான் பதிலாக வந்தது.

மெக்கானிக் ஒழுங்கான ஆள். எழுத்து வரிசைப்படி, எண் வரிசைப்படி, ஒவ்வொரு பழுதுக்கும் ஒரு பக்கம் எழுதினார். முதலில் மின்சாரத்தை நிறுத்தவும். இரண்டாவதாகக் குழாயை மூடவும். மூன்றாவதாகக் கீழே ஒரு பழைய துணியை விரிக்கவும், ஏனென்றால் தண்ணீர் கொட்டும். இந்த மூன்றாவதைச் சொல்லாமல் விடுகிறவர்கள்தான் உலகத்தில் அதிகம் என்பது அவர் எண்ணம்.

திரையின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. இப்போது தளத்தில் இருப்பவர்கள் என்று அதில் ஓர் எண் ஓடும். காலையில் பன்னிரண்டு, மதியம் ஐந்து, சாயங்காலம் பதினெட்டு. மெக்கானிக் சமைக்கும்போது அடுப்படியிலிருந்து எட்டி அந்த எண்ணைப் பார்ப்பார். ஏழு பேர் இருக்கிறார்கள் என்றால் வீட்டில் ஏழு பேர் இருப்பது போல ஒரு தெம்பு. யாரோ ஒருவர் பம்ப் அடைப்பைப் படித்துக்கொண்டிருப்பார், இன்னொருவர் கதவு ரப்பரை. இரண்டு நிமிடம், அதிகம் போனால் மூன்று. பழுது தீர்ந்ததும் போய்விடுவார்கள். தீர்ந்தது என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் இந்த நான்கு வருடத்தில் முப்பத்தொரு பேர். அந்த முப்பத்தொரு குறிப்புகளையும் அவர் தனியாக எடுத்து வைத்திருந்தார்.

கணவனுக்கும் மனைவிக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. போன முறை அவளை ரயிலேற்றப் போனபோது நடைமேடையில் நின்றபடி பேசி முடித்தது. தளத்துக்கு மாதம் அறுபதாயிரம் பார்வைகள் வருகின்றன. விளம்பர வருமானத்தை ஆயிரம் பார்வைக்கு இவ்வளவு என்றுதான் சொல்வார்கள். அப்போது அது ஆயிரத்துக்கு இருபதாக இருந்தது. நாற்பது ஆகிவிட்டால், விடுதி, சாப்பாடு, ரயில் செலவெல்லாம் போக அவள் கையில் நிற்கும் சம்பளம் அப்படியே வீட்டிலேயே வந்துவிடும். மூன்று மாதம் தொடர்ந்து நாற்பதுக்குக் குறையாமல் இருந்தால் அவள் வேலையை விட்டுவிட்டு வந்துவிட வேண்டும். அவள் சரி என்று தலையாட்டினாள். ரயில் நகர்ந்த பிறகும் அவர் ஜன்னலோடு நடந்துகொண்டே நாற்பது, நாற்பது என்று விரலைக் காட்டினார். முதுகு வலி அன்றைக்கு நினைவில்லை.

வேறொரு வழியும் இருந்தது. நிலையத்தில் குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு வீடு கொடுப்பார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதற்குப் பெயர்ப் பட்டியல் எடுப்பார்கள். அதை அவள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். “அங்க வந்து நான் என்ன பண்றது? லேப் அக்கா வீட்டுக்காரர்னு வாசல்ல உக்காந்திருக்கவா?” என்றார் அவர். மூன்றாவது தடவை அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வீடு திரும்பியதும் மெக்கானிக் இரண்டு காரியங்கள் செய்தார். முதலாவது, எல்லாப் பக்கங்களிலும் விளம்பரத்தின் இடத்தை மாற்றினார். மேலே இருந்ததை எடுத்து, மூன்றாவது படிக்கும் நான்காவது படிக்கும் நடுவே வைத்தார். நூற்றுப் பதினான்கு பக்கங்கள், ஒன்பது நாள் வேலை. இரண்டாவது, செலவைக் குறைக்கத் தளத்தை மலிவான ஒரு நிறுவனத்தின் கணினிக்கு மாற்றினார். அவர்கள் மாதத்தில் முதல் ஞாயிறும் மூன்றாம் ஞாயிறும் பராமரிப்பு என்று சொல்லி விடிந்ததும் விடியாததுமாகத் தளத்தை மூடிவிடுவார்கள். அந்த ஞாயிறுகளில் ஓரத்துக் கட்டத்தில் நாள் முழுக்கப் பூஜ்யம் நிற்கும். மெக்கானிக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. திரையை அணைத்துவிட்டு, ஏற்கெனவே துடைத்த பாத்திரங்களை மறுபடி துடைப்பார்.

அந்த மாத முடிவில் அறிக்கை வந்தது. நாளுக்கு ஒரு வரியாக முப்பது வரிகள். பார்வைகள் ஒரு பத்தியில், விளம்பரத்தைத் தட்டியவர்கள் இன்னொன்றில், ஆயிரத்துக்கு எவ்வளவு என்பது அடுத்த பத்தியில். தொகை என்ற பத்தியில் மட்டும் சிறு கோடுதான் போட்டிருக்கும். கழிவெல்லாம் போக மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் அதை முடிவு செய்து அனுப்புவார்கள். எல்லாவற்றுக்கும் கீழே, தடித்த எழுத்தில், சராசரி என்று ஒரு வரி.

மெக்கானிக் எந்த அறிக்கையிலும் கடைசி வரியை மட்டும் பார்க்கிறவர். முகப்பில் மின்னுகிற எண்ணைப் பார்த்துவிட்டு நேரே அந்தப் பழுதுக்குப் போகிற தொழில்காரருக்கு நடுவில் இருப்பதையெல்லாம் படிக்கிற பழக்கம் வரவில்லை. அந்தக் கடைசி வரியில் நாற்பத்தைந்து என்று இருந்தது.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். நாற்பத்தைந்துதான். ஒன்பது நாள் உட்கார்ந்து விளம்பரத்தை இடம் மாற்றியது வீண்போகவில்லை. அறிக்கையைப் படம் பிடித்து மனைவிக்கு அனுப்பினார். நான்கு மணிக்கு அவள் கூப்பிட்டபோது, வழக்கமாக என்ன சாப்பிட்டாய் என்பதற்கு மேல் பேசத் தெரியாதவர், இருபது நிமிடம் மூச்சு விடாமல் பேசினார். மூன்றாவது படியைப் படித்துவிட்டுத் துணியை விரிக்கப் போகிற இடத்தில் ஜனங்கள் ஒரு நிமிடம் நிற்கிறார்கள், அந்த ஒரு நிமிடத்தில்தான் விளம்பரத்தைப் பார்க்கிறார்கள், இதை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்றார். அவள் ம்ம் என்றாள். சந்தோஷமா என்று கேட்டார். ம்ம் என்றாள்.

இரண்டாம் மாதம் நாற்பத்து நான்கு. மூன்றாம் மாதம் மறுபடி நாற்பத்தைந்து.

மெக்கானிக்குத் தலைகால் புரியவில்லை. அலமாரியின் நடுத்தட்டை அவளுக்காகக் காலி செய்தார். சுவர்க் கண்ணாடிக்குப் பக்கத்தில் அவள் பையை மாட்ட ஓர் ஆணி அடித்தார். முதுகு வலிக்க வலிக்க, ஒரு நாளைக்கு ஒரு சுவர் என்று கணக்கு வைத்து வெள்ளையடித்தார். சுண்ணாம்பு வாளியோடு படியில் ஏறும்போது கீழ்வீட்டு டெய்லர் ஊசியில் நூல் கோத்தபடியே, “என்ன மெக்கானிக், பொண்ணு பாக்க வர்றாங்களா?” என்று வம்புக்கு இழுத்தார்.

“பொண்டாட்டி வர்றா.”

“எத்தனை நாளைக்கு?”

“வர்றா. அவ்வளவுதான். நாளெல்லாம் இல்ல.”

டெய்லர் நூலை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அப்படியானால் அந்த வாளியைக் கீழே வையுங்கள், நான் கொண்டுவந்து தருகிறேன் என்று எழுந்துவந்தார்.

ராஜினாமாக் கடிதத்தையும் மெக்கானிக்தான் எழுதினார். பெறுநர், பொருள், தேதி, நிலையத்தார் நான்கு வருடம் காட்டிய ஆதரவுக்கு நன்றி, எல்லாம் முறைப்படி. மாதக் கடைசித் தேதியில் கொடுத்தால் அடுத்த மாதம் முழுக்க அறிவிப்புக் காலம், அது முடிந்த மறுநாள் ரயில். கையெழுத்து மட்டும் போட்டுக் கொடு என்று அனுப்பினார். வந்து சேர்ந்தது என்று அவளிடமிருந்து பதில் வந்தது.

மாதம் இருபத்தாறாம் தேதி வங்கியிலிருந்து செய்தி வந்தது. மூன்று மாதத்துக்கும் சேர்த்து எட்டாயிரத்து நூறு வர வேண்டும் என்று அவர் காலண்டரில் குறித்து வைத்திருந்தார். வந்திருந்தது மூவாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு.

தூக்கிவாரிப் போட்டது. உடனே விளம்பர நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். ஒன்று, தங்கள் அறிக்கையின்படி சராசரி நாற்பத்தைந்து. இரண்டு, பார்வைகள் மாதம் அறுபதாயிரம். மூன்று, இவ்விரண்டையும் பெருக்கினால் வரும் தொகைக்கும் தாங்கள் அனுப்பிய தொகைக்கும் உள்ள வேறுபாட்டுக்குக் காரணம் தெரிவிக்கவும். மறுநாளே பதில் வந்தது. வணக்கமும் நன்றியும் போக அதில் இருந்தது இவ்வளவுதான்: அனுப்பிய தொகை சரியானது. சராசரி வரி என்பது ஒவ்வொரு நாளின் விகிதத்தையும் கூட்டி, நாள்களின் எண்ணிக்கையால் வகுத்தது. அது தகவலுக்காக மட்டுமே.

மெக்கானிக் அதை நான்கு தடவை படித்தார். பிறகு முதல் முறையாக அறிக்கையின் முதல் வரியிலிருந்து தொடங்கினார்.

ஒன்றாம் தேதி இரண்டாயிரத்து நூறு பார்வை, ஆயிரத்துக்கு இருபது. இரண்டாம் தேதி இரண்டாயிரத்து இருநூறு பார்வை, இருபது. மூன்றாம் தேதி பத்தொன்பது, நான்காம் தேதி இருபத்தொன்று. அவர் விரல் ஒவ்வொரு வரியாக இறங்கி ஐந்தாம் தேதிக்கு வந்தது. அது முதல் ஞாயிறு. தளம் மூடுவதற்கு முன்னால், விடியற்காலையில் யாரோ நான்கு பேர் வந்திருக்கிறார்கள். நான்கே நான்கு. அவர்களில் ஒருவர் விளம்பரத்தைத் தட்டியிருக்கிறார். அதற்கு இரண்டு ரூபாய். நான்கு பார்வைக்கு இரண்டு என்றால் ஆயிரத்துக்கு ஐந்நூறு என்று கணினி கணக்குப் போட்டிருந்தது. மூன்றாம் ஞாயிறு ஐந்து பேர், அதில் ஒரு தட்டல், ஒன்றரை ரூபாய், ஆயிரத்துக்கு முந்நூறு. இரண்டாயிரம் பேர் வந்த நாளும் ஒரு நாள்தான், நான்கு பேர் வந்த நாளும் ஒரு நாள்தான் என்று எல்லாவற்றையும் சமமாகக் கூட்டி முப்பதால் வகுத்துத் தடித்த எழுத்தில் போட்டுவிட்டார்கள்.

கால்குலேட்டரை எடுத்து அந்த இரண்டு ஞாயிறுகளையும் நீக்கிவிட்டுக் கூட்டிப் பார்த்தார். இருபது. மற்ற இரண்டு மாதங்களையும் பார்த்தார். இருபது, இருபது. ஒன்பது நாள் உட்கார்ந்து இடம் மாற்றியதில் ஒரு தம்பிடியும் ஏறவில்லை. அவரைத் தூக்கி நாற்பத்தைந்தில் உட்கார வைத்தது, கடை மூடியிருந்த ஆறு ஞாயிறுகள்.

அன்றைக்குத் தேதி இருபத்தேழு. முப்பதாம் தேதி அவள் கடிதத்தைக் கொடுத்துவிடுவாள்.

நான்கு மணிக்கு அவள் கூப்பிட்டாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் எடுத்தார். வெள்ளையடித்த வாடை போய்விட்டதா என்று அவள் கேட்டாள். போய்விட்டது என்றார். வேறென்ன என்றாள். ஒன்றுமில்லை என்றார். இருபத்தெட்டாம் தேதியும் அப்படியே. வைத்த பிறகு அறைக்குள் குட்டி போட்ட பூனை மாதிரி சுற்றிச் சுற்றி வந்தார். அலமாரியின் காலித் தட்டைத் திறந்து பார்த்தார். அதில் எதையாவது திரும்ப எடுத்து வைக்கலாமா என்று தோன்றியது. வைக்கவில்லை. ஓரத்துக் கட்டத்தில் ஒன்பது பேர் இருந்தார்கள். அதில் ஒருவரிடமாவது இதைச் சொல்ல முடியுமா என்று நினைத்துக்கொண்டார். அவரவர் துணி அவரவர் இயந்திரத்துக்குள் மாட்டிக்கொண்டிருந்தது.

இருபத்தொன்பதாம் தேதி நான்கு மணிக்குத் தொலைபேசியை முதல் மணியோசையிலேயே எடுத்துவிட்டார்.

“லெட்டரைக் குடுத்துட்டியா?”

“இல்லங்க. நாளைக்குத்தானே கடைசி.”

“குடுக்காத.”

அந்தப் பக்கம் கேன்களைக் கழுவி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிற சத்தம் கேட்டது. இனி நிறுத்தினால் பேச வராது என்று அவருக்குத் தெரிந்ததால் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். வங்கியில் வந்த தொகை, எழுதிய கடிதம், வந்த பதில், முதல் ஞாயிறு, மூன்றாம் ஞாயிறு. “நாப்பத்தஞ்சு இல்லம்மா. அன்னிக்கும் இருபது, இன்னிக்கும் இருபது,” என்று முடித்தார்.

“தெரியும்ங்க.”

“என்ன தெரியும்?”

“இருபதுன்னு தெரியும். முதல் மாசம் போட்டோ அனுப்புனீங்கல்ல, அன்னிக்கே பாத்துட்டேன்.” அவள் குரலைத் தணித்துக்கொண்டாள். பக்கத்தில் யாரோ இருந்திருக்க வேண்டும். “நான் கேன் கேனா கொழுப்பு பாக்கிறவ. ஒருத்தர் அரை லிட்டர் சொம்புல கொண்டாருவாரு, கொழுப்பு எட்டு இருக்கும். இன்னொருத்தர் நாப்பது லிட்டர் கேன், மூணு. ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கி டேங்கர் கணக்குல எழுதுனா என்னை அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. லிட்டரால பெருக்கித்தான் கூட்டணும். உங்க ரிப்போர்ட்டையும் அப்படிப் போட்டேன். இருபதுதான் வந்துச்சு.”

“மூணு மாசமாத் தெரியுமா உனக்கு?”

“ம்ம்.”

“ஏன் சொல்லல?”

கேன் அடுக்கும் சத்தம் நின்றது.

“நாலு வருஷத்துல அன்னிக்குத்தான் என்னைப் பேச விடாம நீங்க பேசுனீங்க. அதுல போய் நான் என்னத்தச் சொல்றது? சரி, நாளைக்குச் சொல்லலாம்னு பாத்தேன். நாளைக்கு நாளைக்குன்னு போச்சு. நீங்க சுவத்துக்கு வெள்ளையடிச்சுட்டீங்க.”

மெக்கானிக் நாற்காலியில் உட்கார்ந்தார். கோபம் வரும் என்று ஒரு கணம் காத்திருந்தார், வரவில்லை. மூன்று மாதமாக அவர் பேசப் பேச அங்கே ம்ம் கொட்டிய குரல் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அந்த ம்ம்களையெல்லாம் அவர் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டிருந்தார்.

தளம் தொடங்கி இருபதுக்கு வந்து சேர்ந்த வேகத்திலேயே போனால் நாற்பதைத் தொட எத்தனை வருடமாகும் என்று அவர் நேற்றே போட்டுப் பார்த்திருந்தார். அந்த எண்ணை அவளிடம் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, நான்கு வருடமாக வாயில் வராத ஒன்றைக் கேட்டார்.

“அந்தக் குவார்ட்டர்ஸுக்கு லிஸ்ட் எப்ப எடுப்பாங்க?”

“போன மாசம் எடுத்தாங்க.”

“நம்ம பேரு?”

“எழுதலங்க.”

“ஏம்மா?”

“எழுதுனா உங்க கணக்க நான் நம்பலைன்னு ஆயிடும்ல. ஆபீஸ்ல கூப்பிட்டுக் கேட்டாங்க. வேணாம், நான் ஊருக்குப் போகப் போறேன்னு சொல்லிட்டேன்.”

வீடு யாருக்குப் போனது என்று கேட்டார். கொதிகலன் பார்க்கிறவர் குடும்பத்துக்கு, நான்கு பேர் என்றாள். நல்ல வீடா என்று கேட்டார். கேட்டிருக்க வேண்டியதில்லை என்று கேட்ட பிறகு தோன்றியது.

“நல்ல வீடுதான். அவங்க சாமான் இறக்குறதுக்கு முதல் நாள் சாவி வாங்கிப் போய்ப் பாத்தேன். ரெண்டு அறை. முன் அறையில வெளிச்சம் நல்லா வருது. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவுல உங்க மேசை புடிக்குமான்னு சாண் போட்டுப் பாத்தேன். ஏழு சாண் இருக்கு.”

வெளியே லாரி ஒன்று நீளமாக ஒலிப்பான் அடித்தது. டேங்கர் வந்துவிட்டது, போக வேண்டும் என்றாள். அடுத்த பட்டியல் எப்போது என்று அவசரமாகக் கேட்டார். இன்னும் இரண்டு வருடம், ஒரு மாதம் கழிந்துவிட்டது, இருபத்து மூன்று மாதம் என்றாள். ரெண்டு பேர் பேரையும் எழுதிவிடு என்றார். எழுதுகிறேன் என்றாள். மாத்திரை தீர்ந்திருக்குமே, வாங்கினீர்களா என்றும் கேட்டுவிட்டு வைத்தாள்.

மெக்கானிக் எழுந்து, மேசைமேல் இருந்த அறிக்கைகளையும் திரையையும் ஓரமாக நகர்த்தினார். குனிந்தால் முதுகு பிடிக்கும் என்பதால் பக்கவாட்டில் நின்று, கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் அகல விரித்து மேசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அளந்தார். அவர் கைக்கு ஆறு சாண், மேலே மூன்று விரல்.

அவள் கைக்கு எவ்வளவு வரும் என்று தெரியவில்லை. தன் கையைவிடச் சின்னது, அது தெரியும். எவ்வளவு சின்னது என்று எத்தனை யோசித்தும் பிடிபடவில்லை. விரித்த கையை மேசைமேல் வைத்தபடி, சுண்டுவிரலைக் கொஞ்சம் உள்ளே இழுத்துப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் இழுத்தார்.